அதே மாத்திரை

ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி வாசற்படி ஏற்றுவதற்குள் நாலு ஆட்களுக்கும் மூச்சு வாங்கிவிட்டது. படி குறுகல், பெட்டி நீளம். ஒரு முனை கதவு நிலையில் இடித்துக்கொண்டு நின்றதும், அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்த சின்னசாமி எழுந்துவந்து அடியில் கை கொடுத்தார்.

"அய்யய்யோ, நீங்க தூக்காதீங்க!"

ஐந்தாறு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. மகன் கலையரசன் தான் பிடித்திருந்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்தான். பெட்டி சரிந்து, பின்னால் நின்ற ஆளின் கால்மேல் இறங்கப் பார்த்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சின்னசாமியை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் விசிறி, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். உள்ளே கூடத்தில் பாய்மேல் கிடந்த அவர் மனைவி தனத்துக்கு நெஞ்சு நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

எழிலரசி இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அவள் கலையரசனின் மனைவி. அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறாள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வருகிறவர்கள் சொல்வதை ஒழுங்கான வாக்கியமாக்கித் தருவது அவள் வேலை. தன் விஷயம் என்று வந்தால் மட்டும் அவளுக்கு வாய் வராது.

"எழிலு, மாமா மாத்திரை போட்டாரா?"

கேட்டது சந்திரம்மாள், தனத்தின் அக்கா. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தவள். தங்கையின் காலடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தாள்.

"இன்னும் இல்லீங்க பெரியத்த."

"இன்னாடி பொண்ணு நீ? மணி பத்தாவுது. ரெண்டு கம்பி வெச்ச ஒடம்பு அது. இவள வாரிக் குடுத்தாச்சு, அவரையாவது பாக்க வேணாமா?"

கம்பி என்று அவர்கள் சொன்னது ஸ்டென்டை. நாலு வருடத்துக்கு முன்னால், ரமணாசிரமம் பக்கத்தில் தான் இரவுக் காவல் பார்க்கும் விடுதியின் கேட்டைத் திறக்கும்போது சின்னசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது மாரடைப்பு என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சினிமாவில் வருகிற மாதிரியே இருந்ததாம். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய், காப்பீட்டு அட்டையில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்தார்கள். அன்றிலிருந்து வீடே அவர் நெஞ்சைச் சுற்றித்தான் நடந்தது. அவருக்குத் தனிக் குழம்பு, உப்பு கம்மி. அவர் குடம் தூக்கக் கூடாது, சிலிண்டரை நகர்த்தக் கூடாது. டிவியில் சத்தம் ஜாஸ்தி வைக்கக் கூடாது. மனசு கெடும்படி எதுவும் அவர் காதில் விழக் கூடாது. மகள் அபிநயா புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து பத்து நாள் இருந்தபோதுகூட, அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் அவரிடம் சொன்னார்கள்.

தனத்துக்கு வந்தது அப்படிப் படமாக வரவில்லை. அதே ஆசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இன்னொரு விடுதியில் அறை பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. வாளித் தண்ணீரோடு மாடி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு பிடிப்பு. சில நாள் தாடை வலித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்கித் தலை சீவிக்கொள்ள முடியாத அசதி. இத்தனைக்கும் சேர்த்து அவள் வைத்திருந்த ஒரே பெயர் வாயு. இஞ்சி, பெருங்காயம், கோலி சோடா என்று ஒரு வருடத்தை ஓட்டினாள். போன வருடம் அந்த மாடிப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் எழிலரசி அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சு வீக்காக இருக்கிறது, வேலூர் போய் ஆஞ்சியோ எடுங்கள், அதுவரை இந்த மாத்திரைகளை ஒரு நாள்கூட விடாதீர்கள் என்றார் டாக்டர். வெளிநாட்டுக்காரர்கள் வரும் சீசன் முடியட்டும் என்றாள் தனம். சீசன் முடிந்ததும் அபிநயாவுக்குப் பிரசவம் வந்தது. பிறகு மறுபடி சீசன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாகிட்ட சொல்லாதடி. வாயுன்னே இருக்கட்டும்."

எழிலரசி புருஷனிடமும் நாத்தனாரிடமும் சொன்னாள். மாமனாரிடம் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரும் சொல்லவில்லை.

சாவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது, யாரும் வாயில் எதையும் போடுவதும் இல்லை. சின்னசாமிக்கு மட்டும் அது கிடையாது என்று யாரும் கூடிப் பேசாமலே முடிவாயிற்று. சந்திரம்மாள் பக்கத்து வீட்டில் இட்லி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாதே. எழிலரசி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுச் சமையலறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு இட்லியைத் தண்ணீர் விட்டு விழுங்கினார்.

"மாத்திரை எடுத்தாரட்டுங்களா மாமா?"

"அப்பறம்."

"நேரம் ஆயிடுச்சுங்க."

"அப்பறம் போடறேன்மா."

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். நாலு வருடமாக மாத்திரை விஷயத்தில் அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கையை நீட்டுவதுதான். எட்டரைக்கு டூட்டி முடிந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், உள்ளங்கையை நீட்டுவார். தனம் மூன்று மாத்திரைகளை அதில் வைத்துவிட்டு, அவர் விழுங்கும்வரை நின்று பார்த்து, அப்புறம் வேலைக்குக் கிளம்புவாள். எது எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை.

அந்த மாத்திரைகள் எங்கிருந்து வந்தன என்பது எழிலரசிக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து அவள் மனதைவிட்டுப் போகாதது அதுதான்.

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மாத்திரை கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்கு உண்டானதை மொத்தமாகத் தருவார்கள். ஆனால் ஆள் நேரில் வந்து, பிரஷர் பார்த்துக்கொண்டு, தன் நோட்டில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். சின்னசாமியும் தனமும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள். தனம் தன் நோட்டை அவரிடம் பிரஷர் நோட்டு என்று சொல்லிவைத்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், பிரஷர் பார்த்த நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கம்பி வெச்சிக்கினு பீடி புடிக்கிறியே பெரியவரே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்தில் பெண்கள் வரிசை. நாலைந்து பேர் சிரித்தார்கள். சின்னசாமி அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அடுத்த வாரம் என்பார், அடுத்த வாரம் வந்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது என்பார். தனமும் வற்புறுத்தவில்லை. ஆம்பளைக்கு ரோஷம் இருக்காதா என்று மருமகளிடம் அவருக்காகப் பரிந்து பேசினாள்.

அவளிடம் அதற்கு ஒரு வழியும் இருந்தது. முன்பு ஒருமுறை இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், "ரெண்டு பேருக்கும் அதே மாத்திரைதாம்மா, அளவும் ஒண்ணுதான். வீட்ல மாறிப் போயிடும்னு பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். அவர் தைரியத்துக்குச் சொன்னார். தனம் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தனம் தன் நோட்டுக்கு வாங்கிவந்த மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் வெட்டி மாமனாரின் டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பதை எழிலரசி பார்த்துவிட்டாள்.

"அத்த, இது உங்களுதாச்சே."

"அதே மாத்திரைதான்டி. டாக்டரே சொன்னாரு."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இன்னா, கம்பியா வெச்சிருக்குது? அவருக்கு உள்ள ரெண்டு இரும்பு கெடக்குது. மாத்திரை இல்லன்னா துரு புடிச்சி அடைச்சிக்காதா? எனக்கு வெறும் வீக்குதான்."

துருப் பிடிக்காது அத்தை, அது அப்படி இல்லை என்று எழிலரசி எவ்வளவோ சொன்னாள். அறுத்து வைத்தியம் பார்த்தது பெரிய நோய், மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பியது சின்ன நோய் என்பது தனத்தின் கணக்கு. அதை யாராலும் அசைக்க முடியவில்லை. எழிலரசி தன் கையிலிருந்து மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். மறுநாள் அதுவும் அவர் டப்பாவில் கிடந்தது. நீங்கள் போடாவிட்டால் மாமாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினாள்.

"சொல்லேன். ரோஷத்துல மாத்திரையே வேணாம்னு நிறுத்திடுவாரு. அப்பறம் அவருக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

எழிலரசி பயந்துவிட்டாள். அந்தப் பயத்தில் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஏழு மணிக்கு, கலையரசன் வேலைக்கு வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, தனம் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "முதுகு புடிச்சிக்கினு இருக்குதுடி. இஞ்சி தட்டிப் போட்டு கொஞ்சம் தண்ணி வை" என்றாள். எழிலரசி இஞ்சியைத் தோல் சீவினாள், தட்டினாள், அடுப்பில் வைத்தாள். கொதித்ததும் வடிகட்டி டம்ளரில் ஊற்றிக்கொண்டு திரும்பினாள். தனத்தின் கண் திறந்தே இருந்தது. வேறு யாராவது அங்கே இருந்திருந்தால் வாயு என்று நினைத்தார்கள் என்று சொல்லலாம். வாயு இல்லை, மாத்திரையும் போடவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நின்று இஞ்சி தட்டியிருக்கிறாள். அதை நினைத்தபோதெல்லாம் எழிலரசிக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதினோரு மணிக்கு அபிநயா வந்தாள். எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு வந்தவளை வாசலில் நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "அப்பாவுக்கு முன்னாடி இப்பிடிக் கத்தாத. அவருக்கு ஆவாது." அபிநயா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானத்துக்கு மேல் தனத்தைக் குளிப்பாட்டினார்கள். முகத்திலும் காலிலும் மஞ்சள் பூசி, பிறந்த வீட்டிலிருந்து வந்த சிவப்புப் புடவையைச் சுற்றி, தலை நிறையப் பூ வைத்தார்கள். நெற்றியில் பெரிய வட்டமாகக் குங்குமம். உயிரோடு இருந்தபோது அவள் இவ்வளவு பூ வைத்து எழிலரசி பார்த்ததில்லை.

"பூவும் பொட்டுமா போறா. குடுத்து வச்ச மவராசி" என்றாள் சந்திரம்மாள். அவள் தாலி இழந்து பல வருடம் ஆகிறது. அதனால் பக்கத்தில் வராமல், எட்ட நின்று மற்றவர்களை ஏவிக்கொண்டிருந்தாள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து தனத்தின் நெற்றியிலிருந்து ஒரு துளி குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியிலும் வகிட்டிலும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் கூடுதலாகக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக்கூட எடுத்துக்கொண்டாள்.

"எழிலு, இன்னாடி நின்னுக்கினு? எடுத்து வச்சிக்க. இந்தக் குடுப்பினை எல்லாருக்கும் வராது."

எழிலரசி குனிந்து தொட்டாள். நெற்றி ஐஸ் பெட்டிக் குளிரில் விறைத்திருந்தது. அத்தைக்கு வந்த சாவு எனக்கும் வரட்டும் என்பதுதானே இதற்கு அர்த்தம் என்று தோன்றியது. தொட்ட விரலை நெற்றிக்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

சந்தனக் கிண்ணம் எடுக்க அவள் சமையலறைக்குள் போனபோது அபிநயா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். கையில் தனத்தின் ஆஸ்பத்திரி நோட்டு இருந்தது. அம்மாவின் துணிகளுக்கு அடியில் கிடைத்திருக்கிறது.

"அண்ணி, இதுல மாசா மாசம் சீல் இருக்குது. நேத்துகூட போயி மாத்திரை வாங்கியிருக்காங்க. அது எங்க?"

எழிலரசி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

"பொட்டி பூரா தேடிட்டேன், ஷெல்ப் பூரா தேடிட்டேன். எங்கம்மா பேருக்கு வாங்கினது ஒரு மாத்திரை இல்ல. தூக்கி எறிஞ்சிட்டீங்களா?"

"இல்ல அபி."

"அப்ப எங்க? சொல்லுங்க. காலைல ஒரு கை மாத்திரை எடுத்துக் குடுத்துட்டு கடைக்குப் போனா கொறஞ்சா போயிடுவீங்க? ஊரான் மனுவெல்லாம் பொறுமையா கேட்டு டைப் அடிக்கிறீங்க. எங்கம்மாள பாக்க நேரமில்ல."

இவ்வளவையும் அவள் ரகசியக் குரலில்தான் சொன்னாள். வாசலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். எழிலரசியும் பதில் சொல்வதானால் ரகசியமாகத்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அது அபிநயாவிடமிருந்து கலையரசனுக்குப் போகும், அங்கிருந்து சந்திரம்மாளுக்குப் போகும், சாயங்காலத்துக்குள் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உன் பெண்டாட்டியின் மாத்திரையை நீ தின்றுவிட்டாய் என்று கேட்ட பிறகு அந்த நெஞ்சு தாங்குமா? ஒரு வீட்டில் ஒரே நாளில் இரண்டாவதும் விழுந்தால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். தனம் போனாலும் தனம் போட்ட பூட்டு அப்படியே இருந்தது.

"எனக்குத் தெரியல அபி" என்றாள்.

அபிநயா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

நாலு மணிக்குப் பறை அடித்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். சுடுகாடுவரை நடக்க வேண்டாம் என்று சின்னசாமியை ஆட்டோவில் ஏற்றினார்கள். அவர் பாடைக்குப் பின்னால் நடக்கிறேன் என்றார்; யாரும் விடவில்லை. தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடியில் அவர் தலை மட்டும் தெரிந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

வீடு கழுவிவிடும்போது எழிலரசிக்கு வித்தியாசம் தெரிந்தது. காலையில் அவளைக் கட்டிக்கொண்டு அழுத பக்கத்து வீட்டுக்காரி இப்போது துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கி, "நீ போம்மா" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கிணற்றடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது அவள் போனதும் நின்றது. சந்திரம்மாள் எங்கோ பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்: "மருமவ கைல மாத்திரை வாங்கித் திங்கவும் குடுத்து வெக்கணும்."

ஊர் வாயில் விழுந்தாயிற்று என்று எழிலரசிக்குப் புரிந்தது. பதினாறாம் நாளுக்குள் கீழ்பென்னாத்தூர்வரை போய்விடும். இனி இந்தத் தெருவில் அவள் மாமியாரைக் கவனிக்காமல் விட்டவள். அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பார்த்தால் அது செத்துப்போனவள் மேல். எவ்வளவு பிரியமாக இருந்தாளோ அவ்வளவு கோபம். இப்படி என்னை நிறுத்திவிட்டுப் போயிட்டியே அத்த என்று வாளித் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள்.

ஆறு மணிக்கு மேல் ஆண்கள் தலை முழுகித் திரும்பினார்கள். தனம் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கூடத்தில் பத்துப் பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பங்காளி வீட்டிலிருந்து சோறு வந்தது. சின்னசாமிக்கு உப்பில்லாமல் கொஞ்சம் ரசம் மட்டும் தனியாக வந்திருந்தது. அவர் நாலு வாய் சாப்பிட்டுக் கை கழுவினார்.

"அண்ணா, அப்பாவ நான் கூட்டிக்கினு போறேன்" என்றாள் அபிநயா. எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "காரியம் முடிஞ்சதும் என்கூட வந்து இருக்கட்டும். இங்க யாரு பாக்கறது? அம்மாவத்தான் பாத்த லட்சணம் தெரிஞ்சிடுச்சே."

கலையரசன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவளுக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று எழிலரசி ஒரு நிமிடம் எதிர்பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அது அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல அவருக்கு மாத்திரை குடுங்க" என்றாள் சந்திரம்மாள். "காலைலேர்ந்து போடல. கூட ரெண்டு நாழி போனா இன்னா ஆவுமோ."

எழிலரசி எழுந்து போய் டிவி ஸ்டாண்டிலிருந்து டப்பாவை எடுத்தாள். நேற்று வெட்டிப் போட்டவை. மூன்று அட்டையிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்தாள். சின்னசாமி பழக்கப்படி கையை நீட்டினார். அவள் வைத்தாள்.

அவர் கையை மூடவில்லை. மாத்திரைகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருதும்மா?" என்றார்.

"உன்னுதுதான்பா, போடு" என்றாள் அபிநயா. "உன் டப்பாலேர்ந்துதான் எடுத்தாங்க."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயி ஆறு மாசம் ஆவுது."

குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. யாரோ ஒருவர் வேலைக்கு வராத நாட்களைக் கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அபிநயாவுக்கு உடனே விளங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். அவள் கை தன் இடுப்பிலிருந்த நோட்டுக்குப் போனது. சுவரோரத்தில் ஒருவர் இருமினார்.

கலையரசன் மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம், இப்போது வேண்டாம் என்று எழிலரசிக்குத்தான் அந்தத் தலையாட்டல். அவனுக்கும் புரிந்துவிட்டது. சின்னசாமி அவன் பக்கம் திரும்பவில்லை. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறார். அந்தக் கண்ணைப் பார்த்ததும், அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"அத்தையோடதுங்க மாமா."

"ம்."

சந்திரம்மாள் எழுந்து வந்து அவர் நெஞ்சைத் தடவிவிடப் போனாள். அவர் மற்ற கையால் விலக்கினார்.

"நேத்து வாங்கியாந்ததா?"

"ஆமாங்க."

"வெயில்ல நின்னுட்டு வந்தா. வந்து கொஞ்ச நேரம் படுத்தா" என்றார். "நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு கத்தரியில வெட்டிக்கினு இருந்தா."

எழிலரசி அவர் உள்ளங்கையையே பார்த்தாள். வீசி எறிந்துவிடுவார் என்று நினைத்தாள். எறிந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, எறிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் யாரும் எடுத்துவைத்திருக்கவில்லை. அபிநயா எழுந்து ஓடிப்போய் ஒரு டம்ளரில் மொண்டு வந்து நீட்டினாள். அவசரத்தில் பாதி வேட்டியில் சிந்தியது. மிச்சத்தை அவர் அண்ணாந்து குடித்தார். ஒன்று தொண்டையில் நின்றுகொண்டது போலிருந்தது. கண்ணில் நீர் கோத்து, கழுத்து நரம்பு புடைத்தது. எழிலரசி டம்ளரை வாங்கிப் போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அது இறங்கும்வரை நின்று பார்த்தாள்.